தறிக்குழியிலிருந்து தமிழ்ப்பள்ளி வரை



அமெரிக்காவில் அடிமைத்தளை நீங்கிய பெற்றோருக்கு 1875-இல் மகனாகப் பிறந்தவர் கார்ட்டர் உட்சன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதளவில்தான் உயர்நிலைப் பள்ளி வாயிலை மிதித்த அவர், 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முனைவரானார். பள்ளிப் பாடநூல்களில் தம் இனத்தார்க்கென ஒரு வரலாறே இல்லாமை அவர் நெஞ்சை உறுத்தியது. லிங்கனும் பிரடெரிக் டக்ளசும் பிறந்த நாள்களை உள்ளடக்கிய பிப்ரவரித் திங்களின் இரண்டாம் வாரத்தை, 1926-இல் கருப்பின வரலாற்று வாரமாக அறிவித்தார். அவ்வாரம் 1976-இல் ஒரு திங்களாக விரிந்தது. எனினும் உட்சன் விரும்பியது விழாவன்று. ஆண்டு முழுதும் அவ்வரலாறு பாடமாகி, தனி வாரமே வேண்டாத நிலை வரவேண்டும் என்பதே அவர் வேட்கை.

ஆப்பிரிக்க வழிவந்தோர் கதை கடையநல்லூருக்கு அயலானதன்று. முதன்முதல் பாங்கொலி எழுப்பிய பிலால் அவர்கள் அபிசீனிய வழிவந்தவர், அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பதை இவ்வூர் மதரசாவில் ஓதும் சிறுவனும் அறிவான். ஆனால் தன் ஊரார் கடல் கடந்து எழுப்பிய பள்ளியை அவன் அறிவானா?

தறித்தொழிலை நம்பி வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்களில் பலர், பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குச் சென்றனர். அங்குச் சென்ற தமிழருள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்ற ஆடவர்களே. கடையநல்லூராரோ குடும்பத்தோடு குடியேறினர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஆடவர் கூலி வேலை செய்ய, பெண்டிர் மசாலை இடித்து விற்றுக் குடும்பம் காத்தனர். உலக்கைப் பாட்டில் உரம் பெற்ற கைகள் அவை! குடும்பம் சென்றதால் குழந்தைகள் இருந்தனர். குழந்தைகள் இருந்ததால் பள்ளி தேவைப்பட்டது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் அப்பள்ளியைத் தொடங்கிற்று.

அதற்கு அவர்கள் சூட்டிய பெயரே சிந்தனைக்குரியது. செல்வர் பெயரன்று, தலைவர் பெயரன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயர். எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் காப்பியமாக்கியவர் அவர். சமயம் வேறாயினும் ஆசிரியரும் மாணவரும் தமிழால் ஒன்றிய அந்த உறவு, பள்ளியின் பெயரிலேயே குடியேறிவிட்டது. 1960-இல் அது உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு அது ஒன்றே இருந்தது. முஸ்லிம்கள் எடுத்த பள்ளி, தமிழர் அனைவர்க்கும் உரிய பள்ளியாயிற்று.

பின்னர், பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினர். மாணவர் தொகை தேய்ந்து, 1982-இல் பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டே உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் தோன்றியதால், பெயராவது பிழைத்தது.

அதே சிங்கப்பூரில் 1964 ஜூலை 21 அன்று இனக்கலவரம் மூண்டது. அந்நாளை நினைவிற்கொண்டு 1997 முதல் பள்ளிகள் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகின்றன. பிள்ளைகள் அவரவர் மரபுடையில் வருவது கண்ணுக்கு இனிது. ஆயினும் வேட்டியும் சேலையும் மாலையில் பெட்டிக்குள் போய்விடும். மசாலை இடித்த பாட்டியின் வரலாறு பாடத்தில் ஏறினால் அன்றோ, அடுத்த இருக்கையில் அமர்ந்த சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை நெஞ்சிலும் அது தங்கும்? உட்சன் கேட்டதும் இதைத்தான்.

இங்கும் சீறாப்புராணம் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்று வந்திருக்கிறது. ஆசிரியர் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்று பகுப்பைச் சொல்வார். மாணவர் மனனம் செய்வர். தேர்வில் இரு மதிப்பெண். அந்த வகுப்பிலேயே, இப்புலவர் பெயரால் கடையநல்லூரார் ஒரு பள்ளி கண்டார்கள் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். சிங்கப்பூர் சென்று வந்த முதியோர் உள்ள வீடுகளுக்கு மாணவரை அனுப்பி, அவர்கள் சொல்வதை எழுதிவரச் செய்ய ஒரு விடுமுறை போதும். அவ்வேடுகளைத் தொகுத்து அச்சேற்றும் பணியை, பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் தன் பதினோராம் ஆண்டிலேயே தொடங்கலாம். சொல்லத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.