முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் நடத்துபவர்களுக்கு நான் கொடுக்கும் பேச்சுப் பயிற்சி பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். அடுத்து லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு இருப்பதால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். உங்களில் பலர் சொந்தத் தொழில் செய்கிறீர்கள். நாலு பேரை வைத்திருப்பவரும் உண்டு, நானூறு பேரை வைத்திருப்பவரும் உண்டு. இருவருக்கும் விஷயம் ஒன்றுதான்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "சார், மேடையில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது." இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. வாரன் பஃபெட்டுக்கே இளவயதில் நாலு பேர் முன்னால் பேச நடுக்கம். 100 டாலர் கட்டி டேல் கார்னகி வகுப்பில் சேர்ந்தார். அந்தச் சான்றிதழைத்தான் அலுவலகச் சுவரில் மாட்டி வைத்தார், கல்லூரிப் பட்டத்தை அல்ல. பழகினால் வந்துவிடும். அதைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை.

கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பயிற்சி தொடங்குமுன், அவர் நடத்தும் கூட்டம் ஒன்றில் மூலையில் உட்கார அனுமதி கேட்பேன். கையில் ஒரு நோட்டு. முதலாளி எத்தனை நிமிடம் பேசினார், மற்றவர்கள் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்வேன். முக்கியமாக, யாராவது ஒரு கெட்ட செய்தியைச் சொன்னால் அடுத்த பத்து விநாடியில் முதலாளியின் முகம் என்ன ஆகிறது என்று பார்ப்பேன். பல கூட்டங்களில் அதைக் குறிக்க வாய்ப்பே வராது. கெட்ட செய்தி என்று ஒன்றை யாருமே சொல்வதில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஃபோர்டு கம்பெனி. 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி அங்கே தலைவராக வந்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஃபோர்டுக்கு நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். முலாலி வாரந்தோறும் வியாழக்கிழமை காலையில் உயர் அதிகாரிகளைக் கூட்டினார். ஒவ்வொருவரும் தன் துறையின் நிலையை வண்ணத்தில் காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. முதல் சில வாரங்கள் எல்லாம் பச்சை! கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கிறது, காகிதமெல்லாம் பசுமை. "இவ்வளவு நஷ்டம் வருகிறதே, சரியாக இல்லாதது ஒன்றுகூட இல்லையா?" என்ற பொருளில் அவர் கேட்டார்.

அடுத்து மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு சிவப்பைக் காட்டினார். புதிதாக வர வேண்டிய எட்ஜ் காரில் கோளாறு, வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். அறையே அமைதி. இவருக்கு வேலை போயிற்று என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அங்கேயே சிலர் முன்வந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் காகிதங்களிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. 2014-இல் முலாலி ஓய்வு பெற்றபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அந்த ஃபீல்ட்ஸ்தான்.

கவனியுங்கள், அன்று முலாலி சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. கைதட்டலும் ஒரு கேள்வியும்தான். ஆனால் அந்தக் கம்பெனியில் அவர் 'பேசியதிலேயே' முக்கியமானது அது என்பேன்.

நம் ஊர்ப் பட்டறைக்கு வருவோம். அளவு தப்பிய சரக்கு இருக்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். சொன்னால் முதல் கேள்வி "யார் பண்ணது?" என்றுதான் வரும் என்பதும் தெரியும். சரக்கு லாரி ஏறிவிடும். கஸ்டமரிடமிருந்து திரும்பி வரும்போதுதான் முதலாளிக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் "இப்போது என்ன செய்யலாம்? உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கப் பழக்குவதற்கே எனக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். யார் செய்தது என்பதை மறுநாள் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம், ஓடிவிடாது.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் நிறுத்தச் சொல்வேன். நம் ஊரில் அதற்கு "சரி சார்" தவிர வேறு பதிலே கிடையாது. "நாளைக் காலையில் முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், நீங்கள் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குடும்பத் தொழிலில் இன்னொரு சங்கடம். அப்பா கூட்டத்தில் ஒன்று சொல்வார். வெளியே வந்ததும் ஆட்கள் மகனிடமோ மகளிடமோ "ஐயா என்ன சொல்ல வர்றார்?" என்று கேட்பார்கள். அந்த மொழிபெயர்ப்பு வேலை நடக்கிற இடத்தில் நான் அப்பாவை விட்டுவிட்டுப் பிள்ளையிடம்தான் முதலில் பேசுவேன். எது தப்பாகப் போகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

திருக்குறளின் அதிகார அமைப்பைப் பாருங்கள். 'சொல்வன்மை' 65-ஆவது அதிகாரம், அமைச்சியலில் வருகிறது. 'கேள்வி' 42-ஆவது, அரசியலில், அரசனுக்குரிய பகுதியில் வருகிறது. பேச்சுத் திறன் அமைச்சனுக்கு, கேட்கும் திறன் அரசனுக்கு என்று பிரித்து வைத்தது போலவே எனக்குத் தோன்றும். தமிழாசிரியர்கள் இருந்தால் சண்டைக்கு வராதீர்கள், இது என் வாசிப்பு மட்டும்தான்.

இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். இருப்பதிலேயே இளையவரை முதலில் பேசச் சொல்லுங்கள். முதல் தடவை யாரும் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார்கள். சும்மா ஆழம் பார்ப்பார்கள். மூன்றாவது, நான்காவது தடவை ஒருவர் சின்னதாக ஒரு கெட்ட செய்தியைப் போட்டுப் பார்ப்பார். அப்போது மற்ற எல்லோரும் அவரைப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். லிஃப்ட் பற்றிய கேள்விகளைச் செயலாளரிடம் கேளுங்கள். அவர் முகத்தை நான் கவனித்துக்கொள்கிறேன்.