பல் வலிதானே என்று விட்டுவிட்டேன்

(நம் சங்கத்தின் ஜூலை 2021 இணையவழிக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டபோது, "கொரோனா காலத்தில் பல் பராமரிப்பு பற்றிப் பொதுவாக ஏதாவது சொல்லுங்க டாக்டர்" என்றார். பல் தேய்ப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி பிளாக் குழந்தைகளுக்கு வேண்டுமானால் தனியாக மொட்டை மாடியில் வைத்துச் சொல்கிறேன். இன்றைக்கு வேறு ஒன்றைப் பேச அனுமதி கேட்டேன்: புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர்களின் பல்.

ஏன் இது என்றால், போன வருஷம் நானே ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2020 மே மாதம். கிளினிக் பூட்டிக் கிடந்தது. பல் மருத்துவத்தில் நாங்கள் பயன்படுத்தும் ஏரோட்டர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் சுழலும். நோயாளியின் எச்சிலும் அந்தத் தண்ணீரும் கலந்து அறை முழுக்கப் பனி மாதிரி பரவும். கொரோனாவுக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. மே 19-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சை மட்டும், கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் கிளினிக் திறக்கவே கூடாது, போனில் ஆலோசனை சொல்லலாம். சென்னை அப்போது சிவப்பு. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து பரவிய நேரம், ஞாபகம் இருக்கும்.

அந்த வாரத்தில் என் பழைய பேஷண்ட் ஒருவர் போன் செய்தார். அறுபதை நெருங்கும் வயது. "கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டு நாளா வலிக்குது டாக்டர்." வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். பெரிய சொத்தை, பக்கத்தில் ஈறும் இறங்கியிருந்தது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டேன். மாத்திரை எழுதி அனுப்பி, "லாக்டவுன் முடியட்டும் சார், எடுத்துடலாம்" என்றேன். ஐந்து நாளில் வலி அடங்கிவிட்டது. நன்றி சொல்லி மெசேஜ்கூட வந்தது.

மார்ச்சில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. ஜூனில் ரேடியேஷன் ஆரம்பிக்கத் தேதி குறித்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. பல்லுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறார். அதோடு அவர் வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று மூடி வைத்திருந்தார்கள். நானும் கேட்கவில்லை. "வேற ஏதாவது பெரிய சிகிச்சை நடக்குதா சார்?" என்ற ஒரு கேள்வி. சாதாரண நாளாக இருந்தால் அவர் சிகிச்சை எடுத்த இடத்திலேயே முதலில் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். அந்த மாதம் எல்லாரும் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

ஏழு வாரம், முப்பத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள். ஜூன் 19-லிருந்து 30 வரை சென்னையை மறுபடி இறுக்கிப் பூட்டினார்களே, அந்த நாட்களிலும் மகன் தினமும் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறான், போலீஸ் நிறுத்தும் இடத்திலெல்லாம் ஃபைலைக் காட்டிக்கொண்டு. தொண்டையில் இருந்த நோய் கரைந்துவிட்டது. டிசம்பரில் பழைய பல் மறுபடி வலித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டார். அங்கேயும் அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இந்த மார்ச்சில் என்னிடம் வந்தபோது, பல் எடுத்த குழி மூன்று மாதமாகியும் மூடவில்லை. உள்ளே மஞ்சளாக எலும்பு தெரிந்தது.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விளக்குகிறேன். தலை, கழுத்துப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர் புற்றுநோய்ச் செல்லை மட்டும் தொட்டுவிட்டு வருவதில்லை. வழியில் இருக்கும் தாடை எலும்பின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் சுருங்கிப் போகும். கீழ்த் தாடைக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் மேல் தாடையைவிடக் குறைவு, அதனால் அங்கேதான் ஆபத்து அதிகம். எலும்பைத் தொந்தரவு செய்யாத வரை காலம் ஓடும். ஒரு பல்லைப் பிடுங்கினால் அந்தக் காயத்தை ஆற்ற அதற்குச் சக்தி இருக்காது. அந்த இடத்து எலும்பு செத்துப்போகும். சிலருக்கு மருந்தில் சரியாகும், சிலருக்குத் தாடையில் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வரும். இதில் ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம், இந்த ஆபத்துக்குக் காலாவதி தேதி கிடையாது. ரேடியேஷன் முடிந்து பத்து வருஷம் ஆனாலும் உண்டு.

அதனால்தான் காப்பாற்ற முடியாத பல்லை ரேடியேஷனுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். குழி ஆற குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம். அதற்காகப் புற்றுநோய் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளவும் கூடாது. ஆக, நோய் என்று உறுதியான அன்றைக்கும் முதல் கரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில வாரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தைத்தான் நான் ஒரு மாத்திரைச் சீட்டில் கழித்துவிட்டேன்.

ஊரடங்கு என்பதால் வேறு வழி இல்லையே என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். இருந்தது. 2020 மார்ச்சிலேயே அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் எவையெல்லாம் தள்ளிப்போடக் கூடாத சிகிச்சை என்று ஒரு பட்டியல் போட்டது. முக்கியமான மருத்துவ சிகிச்சைக்கு முன் செய்தாக வேண்டிய பல் சிகிச்சையும் அதில் ஒன்று. ரத்தப்போக்கு, முகவீக்கம், அடிபட்டது என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த நான் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதோடு, ஒரு பல்லைக் குறடால் எடுக்க ஏரோட்டரே வேண்டாம். போவிடோன் அயோடின் கொப்பளிக்க வைத்து, என்95 போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

இன்னொன்றும் அப்போது நடந்தது. அதே மே மாத வழிகாட்டுதலில், தேசியத் திட்டத்தின் கீழ் நடக்கும் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை மறு உத்தரவு வரை ஒத்திவைக்கச் சொன்னார்கள். அன்றைய நிலையில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலையை இப்போது பார்க்கிறோம். சின்ன வெள்ளைத் திட்டாக வந்திருக்க வேண்டியவர்கள் புண்ணாக, கட்டியாக வருகிறார்கள். வாயில் ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். புகையிலை, ஹான்ஸ், வெற்றிலைப் பழக்கம் இருந்தவர்கள் முக்கியமாக.

ஜனவரியில் டாக்டர் சாந்தா அம்மா போய்விட்டார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வாழ்நாள் முழுக்க இருந்தவர். அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். "அடையாறுக்குப் போறாங்களாம்" என்று. நம் தெருக்கோடியில் இருக்கும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் போகிறோம். இருந்தும் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் கீமோ நடந்தது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

கீமோ எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மருந்து ஏற்றி ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது ஈறில் ஒரு சின்னச் சீழ்கூட ரத்தத்தில் கலந்து உடம்பையே ஆட்டிவிடும். தட்டணு 50,000-க்குக் கீழே இருந்தால் நான் பல்லில் கை வைக்க மாட்டேன். அதனால் பல் டாக்டரிடம் வரும்போது கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டு வாருங்கள், வருவதற்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எலும்புக்குப் பரவாமல் இருக்க ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுகிறவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசியாலும் பல் எடுத்த குழி ஆறாமல் போகலாம்.

வீட்டில் செய்வது பற்றி மாமிகள் கேட்பார்கள் என்று தெரியும். ரேடியேஷனில் இரண்டாவது வாரத்திலிருந்து வாய் வெந்து போகும். எச்சில் வற்றும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. பகலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். கடையில் விற்கும் எரியும் மவுத்வாஷ் வேண்டாம். கிராம்புத் தைலம் வேண்டவே வேண்டாம். போன வருஷம் நம் வாசலில் டம்ளர் டம்ளராகக் கபசுரக் குடிநீர் கொடுத்தோமே, அதில் சுக்கும் திப்பிலியும் கிராம்பும் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான், ஆனால் வெந்த வாய்க்கு அது நெருப்பு. தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து, ஆறவைத்துக் கொடுங்கள். குழந்தைகளுக்கு விற்கும் மென்மையான பிரஷ் போதும். எச்சில் குறைந்தவர்களுக்குப் பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டி, மளமளவென்று சொத்தை விழும். அதற்கு ஃப்ளோரைடு ஜெல் எழுதித் தருவோம், தினமும் வைக்க வேண்டும், வலி இல்லை என்று நிறுத்தக் கூடாது. வாய் இறுகிப் போகாமல் இருக்க, மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே விடும் அளவுக்குத் திறக்க முடிகிறதா என்று தினம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறைந்தால் பயிற்சி இருக்கிறது, சொல்லித் தருகிறேன்.

சங்கத்திடம் ஒன்று கேட்க வேண்டும். போன மே மாதம் "வெளியாட்கள் யாருக்கும் அனுமதி இல்லை" என்று கேட்டில் போர்டு மாட்டினோம். நானும் கையெழுத்துப் போட்டவள்தான். அன்றைக்கு ஒரு வீட்டுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வந்த நர்ஸை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார், நாம் சொன்னதைத்தான் அவர் செய்தார். மூன்றாவது அலை வரும் என்கிறார்கள். அடுத்த முறை போர்டு மாட்டுவதற்கு முன் யாருக்கெல்லாம் விலக்கு என்று எழுதி வைப்போம். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் கார் உள்ளவர்கள் பெயர் கொடுத்தால், தினசரி ரேடியேஷனுக்குப் போகிறவர்களை முறை வைத்துக் கூட்டிப் போகலாம். முப்பத்தைந்து நாள் பைக்கில் போவது எப்படி இருக்கும் என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னான்.

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மருந்தும் கழுவலுமாக நான்கு மாதம் ஓடிவிட்டது. குழி பாதி மூடியிருக்கிறது. குழைந்த ரசம் சாதம் சாப்பிடுகிறார். அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்று செப்டம்பரில் ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். என்னிடம் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

உங்கள் வீட்டிலோ, ஊரில் உள்ள உறவினருக்கோ இந்த நோய் என்று தெரிந்தால், சிகிச்சைத் தேதி குறிப்பதற்குள் என் வீட்டு பெல்லை அடியுங்கள். மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு எதிரே. ஃபீஸ் கிடையாது. நான் யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மாமா, நீங்கள் ஏதோ பேசுகிறீர்கள், மியூட்டில் இருக்கிறது.