காவலனுக்கு வேண்டுவது பெயரா, பொருளா?

(திங்கள் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியின் உள்ளே நிகழும் காவலைப் பற்றித் தமிழ்ப் புலவன் ஒருவன் பேச வருவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டது பெயருக்கும் பொருளுக்கும் இடையே எழுந்த ஒரு வழக்கு. பெயரியல் என்று தனியே ஓர் இயல் வகுத்த தொல்காப்பியரைப் பயின்றோர்க்கு அதில் பேச இடமுண்டு.

இலினக்சு என்னும் இயங்குதளத்தை நீங்கள் அறிவீர்கள். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தொர்வால்சு தொடங்கியது. 1969-இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்சின் நெறியைத் தழுவியது. அதன் நடுவிலிருந்து அனைத்தையும் ஆளும் பகுதியைக் கெர்னல் என்பர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே அச்சொல்லின் பொருள். பருப்பு என்றால் நம்மவர்க்குக் குழம்புதான் நினைவுக்கு வரும். ஆகவே உட்கரு என்றே சொல்லிச் செல்கிறேன்.

உட்கரு ஆளும் கோப்புகள் யாவும் தலைகீழாய் நிற்கும் ஒரு மரமாய் அமைந்துள்ளன. வேர் மேலே, கோப்புறைகள் கிளைகள், கோப்புகள் இலைகள். வேரினின்று இலை வரையில் உள்ள பெயர்களைச் சாய்கோடிட்டுத் தொடுத்தால் கிடைப்பது வழிப்பெயர். எடுத்துக்காட்டு, /எட்சி/சேடோ. சேடோ என்றால் நிழல். பயனர் அனைவருடைய கடவுச்சொற்களின் மறைவடிவமும் அந்நிழலிலேதான் கிடக்கிறது. தலைமைப் பயனர் அன்றிப் பொதுப் பயனர் எவரும் அதைத் திறத்தல் இயலாது. ஆயின் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு இயங்கும் அஞ்சல் நிரல் ஒன்றைக் கள்வன் ஏமாற்றித் தன்வயப்படுத்தினால்? பழைய பூட்டு அவனுக்கு வழிவிட்டு நிற்கும். அங்கேதான் இரண்டாம் காவலன் ஒருவன் தேவைப்படுகிறான். தலைமை அதிகாரம் உடைய நிரலையும் மறித்து, அஞ்சல் பார்க்கும் உனக்கு இக்கோப்பில் என்ன வேலை என்று கேட்பவன் அவன். அவனே உட்கருவின் பாதுகாப்புக் கூறு.

அவன் எப்படிக் கேட்பான்? தன் கையில் உள்ள பட்டியலைப் பார்த்துத்தான். பட்டியலிலோ வழிப்பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. நிரல் தன் வாயால் சொன்ன பெயரை அப்படியே பட்டியலோடு ஒப்பிட்டால் ஆகாதோ எனின், ஆகாது. நிரல் வேரிலிருந்து தொடங்காமல் தான் நிற்கும் கோப்புறையிலிருந்து பாதிப்பெயர் சொல்லலாம். இரு புள்ளியிட்டு மேலே ஏறி வேறு கிளையில் இறங்கலாம். சுட்டுப்பெயர் ஒன்றைச் சொல்லலாம். சுட்டுப்பெயர் என்பது தனக்கெனப் பொருளின்றி, அங்கே போய்ப் பார் என்று வேறொரு வழிப்பெயரைக் காட்டும் கோப்பு. அது, இது என்னும் நம் சுட்டுச்சொல் போன்றதே. ஒரு சுட்டு மற்றொரு சுட்டைச் சுட்டினும் உட்கரு தொடர்ந்து செல்லும். ஆனால் ஒரே தேடலில் 40 சுட்டுகளுக்கு மேல் செல்லாமல் நின்றுவிடும். இவையனைத்தினும் தீயது ஒன்றுண்டு. காவலன் பெயரைப் படித்து முடித்த பின், கோப்பைத் திறப்பதற்கு முன், அந்த இமைப்பொழுதில் நிரலின் மற்றோர் இழை நினைவகத்தில் உள்ள பெயரையே மாற்றி எழுதிவிடலாம். படித்தது ஒன்று, திறந்தது வேறொன்று ஆகும்.

ஆகலின் நிரல் சொன்ன பெயரைக் காவலன் நம்புவதில்லை. உட்கரு படிப்படியாய் நடந்து பொருளைக் கண்டடைந்த பின்னர், அப்பொருளை நோக்கி, உன் பெயர் என்ன என்று அவன் புதிதாய்க் கேட்கிறான். விடை கீழிருந்து மேலாக வருகிறது: முதலில் பொருளின் சொந்தப் பெயர், பின்பு அதனைக் கொண்ட கோப்புறையின் பெயர், பின்பு அதற்கும் மேலுள்ளது. தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுகின்ற நம் வழக்கை நினைந்து கொள்ளுங்கள். இங்கே பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் முன்னே வந்து நிற்கிறார்கள். உட்கருவும் அதற்கேற்பத் தாளின் கடைசியில் தொடங்கி, வலமிருந்து இடமாக ஒவ்வொரு பெயராய் முன்னே ஒட்டி எழுதுகிறது. ஏறிக்கொண்டிருக்கும்போதே இடையில் ஒரு கோப்புறையின் பெயர் மாற்றப்பட்டால் பழையதும் புதியதும் கலந்து, என்றும் இல்லாத ஒரு பெயர் பிறந்துவிடும். அதைத் தடுக்க ஓர் எண் காக்கப்படுகிறது. பெயர்மாற்றம் நிகழுந்தோறும் அவ்வெண் மாறும். ஏறி முடித்தபின் எண் மாறியிருக்கக் கண்டால் எழுதியதை அழித்து மீண்டும் அடியிலிருந்து ஏற வேண்டும்.

இன்னொரு சிக்கல். கோப்பு மரம் ஒரே மரமன்று. ஒரு வட்டில் உள்ள மரத்தை மற்றொரு மரத்தின் கிளையில் பொருத்தலாம். ஒட்டுமாங்கன்று கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும்; ஆதலின் ஒட்டு என்றே அதனைச் சொல்வேன். ஒரே கிளையைப் பல இடங்களில் ஒட்டவும் கூடும். ஆகவே பொருளை மட்டும் அறிந்தவன் பெயரைச் சொல்ல முடியாது. எந்த ஒட்டின் வழியாக அதனை அடைந்தான் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

திரிசொல்லை நம் இலக்கண முன்னோர் இருவகையாய்ப் பகுத்தது நினைவிருக்கும். ஒரு பொருளுக்குப் பல பெயர் வருதல் ஒன்று. ஒரு பெயர் பல பொருளுக்கு வருதல் மற்றொன்று. உட்கருவில் இரண்டும் உள. யூனிக்சு நெறியில் ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்களை நேரே இடலாம். அவற்றுள் எது மூலப்பெயர் என்ற கேள்விக்கே இடமில்லை. நிழற்கோப்புக்கு எளியதோர் இடத்தில் இரண்டாம் பெயர் இட்டுவிட்டால், பெயர் பார்க்கும் காவலன் ஏமாறுவான் அல்லனோ? ஏமாறாதிருக்க வேண்டின், பெயரிடும் செயலையே அவன் காக்க வேண்டும். புதிய பெயர்க்குத் தரும் உரிமை பழைய பெயர்க்குள்ள உரிமையை விஞ்சக்கூடாது என்று ஆப்பார்மர் என்னும் காவற்கூறு விதிக்கிறது. 2012-இல் வந்த 3.6ஆம் பதிப்பில், பிறர் கோப்புக்குக் கண்டவர் பெயரிடுவதை உட்கருவே தடுக்கும் வசதியும் சேர்ந்தது. இனி மற்ற வகை. 2002 முதல் ஒவ்வொரு நிரற்குழுவுக்கும் தனித்தனிப் பெயர்வெளி அமைக்க முடிகிறது. ஒரே வழிப்பெயர் ஒரு குழுவுக்கு ஒரு கோப்பையும் அடுத்த குழுவுக்கு வேறொரு கோப்பையும் காட்டும்.

இக்குறைகளை எடுத்துக்காட்டி, பெயரைக் காப்பது காவலே அன்று என்று ஒரு சாரார் வாதிட்டனர். அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு முகவாண்மை 2000-இல் வெளியிட்ட செலினக்சு அவர்கள் வழி. அது கோப்பின் மேலேயே ஒரு முத்திரையைக் குத்தி வைக்கிறது. பெயர் மாறினும் முத்திரை மாறாது. 2003 இறுதியில் வந்த 2.6ஆம் பதிப்பில் காவற்கூறுகளுக்கான பொதுச் சட்டகம் அமைந்தபோது, பல வாயில்களில் காவலனுக்குப் பொருள் காட்டப்பட்டதே அன்றி, எந்த ஒட்டு என்பது காட்டப்படவில்லை. முத்திரை பார்ப்பவனுக்கு அது போதும். பெயர் பார்ப்பவனுக்குப் போதாது. ஒட்டினைக் கீழ்நிலைப் பணிகள் வரை கொண்டு சேர்க்க ஆப்பார்மர் தரப்பினர் முயன்றனர். கோப்பு அடுக்கைப் பேணுவோர் ஏற்கவில்லை. முடிவில், ஒட்டு இன்னதெனத் தெரிந்திருக்கும் மேல்நிலையிலேயே புதிய வாயில்கள் 2009-இல் 2.6.29ஆம் பதிப்பில் திறக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே சப்பானியர் ஆக்கிய தோமோயோவும், 2010-இல் ஆப்பார்மரும் உட்கருவுள் இடம் பெற்றன.

முத்திரைக் கட்சியார் வாதத்தில் வலிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. முத்திரையை முதன்முதல் எதைப் பார்த்துக் குத்துகிறார்கள்? இன்ன வழிப்பெயர்க்கு இன்ன முத்திரை என்று எழுதிய நீண்ட பட்டியலைப் பார்த்தே! வீட்டுக் கோப்புறையில் இருந்த கோப்பை வலைப்பணியகத்தின் கோப்புறைக்கு நகர்த்தினால் பழைய முத்திரை கூடவே வந்துவிடும். வலைப்பணியகம் அதனைத் திறக்கமாட்டாது திகைக்கும். அப்போதும் அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்த்தே முத்திரையைத் திருத்துகிறார்கள். பெயரைத் துறந்தார் எவருமிலர். படித்தவுடன் பொருள் விளங்கும் விதியைப் பெயர்வழிக் காவலனே தருகிறான். விளங்காத விதியைத் தொல்லை என்று அணைத்துவிட்டுப் போவோரே மிகுதி. என் எண்ணம் பெயரின் பக்கமே சாய்கிறது.

2021-இல் 5.13ஆம் பதிப்பில் வந்த இலேண்டுலாக்கு நடுவழி காண்கிறது. அதுவும் கீழிருந்து மேலே ஏறுகிறது. ஆயின் பெயரைப் படிப்பதில்லை. இசைவளித்த கோப்புறை ஏறும் வழியில் எதிர்ப்படுகின்றதா என்று பொருளையே பார்க்கிறது.

இனித் தமிழர் சிறப்பாய்க் கருத வேண்டிய செய்தி. இயல்பு நிலையில் உட்கருவுக்குப் பெயர் என்பது எழுத்துகளின் தொடரன்று. பைட்டு எனப்படும் எண்மிகளின் தொடர். ஒரு பெயர்க்கு 255 எண்மி எல்லை. ஒருங்குறியில் எழுதிய தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று எண்மி கொள்ளுமாதலின், நமக்கு எஞ்சுவன 85 குறியீடுகளே. கொடை என்று ஒரு கோப்புறைக்குப் பெயரிடுகிறோம். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம்; முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலுமாக இரண்டாகவும் இடலாம். முன்னது 12 எண்மி, பின்னது 15. திரையில் இரண்டும் கொடைதான். உட்கருவுக்கோ இருவேறு பெயர்கள். கொடையைத் திறவாதே என்று ஒரு வடிவில் விதி எழுதினால், மற்ற வடிவில் உள்ள கொடை காவலின்றிக் கிடக்கும். ஒளகாரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஔவை என்று முறையாய் எழுதினால் 9 எண்மி. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஒப்பேற்றினால் 12. கொடையின் இருவடிவும் ஒன்றே என்றாவது ஒருங்குறி ஒப்புகிறது. இதற்கு அந்த ஒப்புதலும் இல்லை. ளகரத்தைத் தட்டி ஔகாரம் என்று பெயர் சூட்டும் சோம்பலைப் பள்ளியில் நான் பொறுத்ததில்லை; உட்கருவும் பொறுப்பதில்லை.

தோமோயோ தன் பட்டியலில் ஆங்கில அச்செழுத்து அல்லாத ஒவ்வோர் எண்மியையும் ஒரு பின்சாய்கோடும் மூன்று இலக்கமுமாக மாற்றியே எழுதுகிறது. தகரம் \340\256\244 என்று நிற்கும். தமிழ் என்னும் பெயர் 60 குறிகளாய் நீண்டுவிடும். உட்கருவின் தணிக்கைப் பதிவேட்டிலும் தமிழ்க் கோப்பின் பெயர் பதினாறடி எண்களாகவே காணும். படித்தறியலாம் என்பதன்றோ பெயர்வழிக் காவலின் சிறப்பு? அச்சிறப்புத் தமிழ்ப்பெயர்க்கு இன்னும் கிட்டவில்லை. அவ்விலக்கங்களை மீண்டும் தமிழெழுத்தாக்கிக் காட்டுவதும், ஒரே பெயர் இருவடிவில் இருந்தால் எச்சரிப்பதும் உட்கருவைத் தொடாமல் வெளியிலிருந்தே செய்யத்தக்க சிறு நிரல்கள். உட்கருவின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. இந்த அவையில் நிரல் எழுதும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்தபின் கொடையின் இரண்டு வடிவங்களையும் உங்கள் கணினியில் இட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள், பேசுவோம்.