தலவாக்கலைக்கு அரைப்பேர்

(பேலியகொடையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, மெனிங் சந்தையில் இரவு முழுக்க மூட்டை இறக்கிவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற நாட்டாமைத் தம்பிமாரே, மீன் சந்தைத் தோழர்களே, பின்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தாய்மாரே!

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். முதல் நிமிடத்திலேயே கோபப்படப் போகிறேன். தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதோ, என் கையில் ஒரு கையேடு. வாக்காளருக்கு அறிவூட்டுவதற்காக அச்சடித்தார்களாம். யார் அச்சடித்தார்கள் என்று சொல்லமாட்டேன். இலவசமாகத்தான் தந்தார்கள், சரக்கும் அதற்கேற்ற சரக்குதான். இதில் பழைய தேர்தல் தொகுதிகளுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் மலையகத்துத் தலவாக்கலைத் தொகுதிக்கு ஒரு வரி. 1947இல் உருவானதாம், பிறகு "நிர்வாக வசதிக்காக நீக்கப்பட்டது"ஆம். அவ்வளவுதான்!

யாருடைய நிர்வாகம்? யாருக்கு வசதி?

தோட்டத்தில் பெரட்டுக்குப் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தாலும், நிறுவையில் கிலோ குறைந்தால் அன்றைக்கு முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான், பாதிநாள் சம்பளம்தான். பைக்கு என்று கழிப்பான், ஈரத்துக்கு என்று கழிப்பான். கூடை நிறைய இருந்தும் கணக்கில் பாதி ஆளாகிவிடுவோம். தலவாக்கலைக்கு நடந்ததும் இதேதான். நிறுத்தது மட்டும் கணக்கப்பிள்ளை இல்லை, அரசாங்கம்.

சோல்பரி அரசியலமைப்பில் தொகுதிகளை எப்படிப் பிரித்தார்கள்? 75,000 பேருக்கு ஒரு ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு ஆசனம். மலைநாட்டில் எண்ணியது யாரை? நம்மை! லயத்து லயமாக, காம்பிராவுக்குக் காம்பிரா, தொட்டில் பிள்ளை உட்பட எண்ணினார்கள். அந்தத் தலைக்கணக்கில் எழுந்தவைதான் தலவாக்கலையும் கொட்டகலையும் மஸ்கெலியாவும்.

1947இல் தேர்தல். தலவாக்கலையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர், ஆசிரியர், கவிஞர். இலங்கைக்கு வந்த தாகூரிடம் தன் நாடகத்தை நேரில் கொடுத்த மனிதர். கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம், நுவரெலியாவில் தொண்டமான். எல்லோரும் இலங்கை இந்தியன் காங்கிரஸ்.

என் அப்பாயி அந்தத் தேர்தலில் வாக்குப் போட்டவர். கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கொங்காணியைத் தலையில் போட்டு, மழையில் இறங்கிப் போனாராம். சாகும்வரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "தொரைக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டுடா. அன்னிக்கு ஒருநாதான் நிறுவ சரியா இருந்துச்சு."

அந்த நிறுவை பொறுக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95இல் 42 ஆசனம்தான். தோட்டத்து வாக்கு மலையில் காங்கிரசை அனுப்பியது, மற்ற இடங்களில் இடதுசாரிகளைத் தூக்கிவிட்டது. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 53க்கு 35 என்று நிறைவேற்றினார்கள். அந்த அமைச்சரவையில் நிதி அமைச்சர் யார் தெரியுமா? நாம் இப்போது நிற்கிற இந்தக் களனிப் பக்கத்தின் உறுப்பினர், ஜே. ஆர். ஜயவர்தன!

தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றார்கள். இந்த மண்டபத்தில் பூட்டனுடைய பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை! நான் சொல்கிறேன், தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள், அவர்கள் உருவாக்கிய தேயிலை இனங்களுக்குத் தாய்ச்செடி எது என்று பதிவு இருக்கும். செடிக்கு வம்சம் எழுதினான், அதை நட்டவனுக்கு எழுதவில்லை.

அடுத்து 1949இல் இரண்டு சட்டம். ஒன்று, விண்ணப்பித்தால் பிரஜையாகலாம் என்றது. கல்யாணமானவன் ஏழு வருடம், ஆகாதவன் பத்து வருடம் இடைவிடாமல் இருந்ததற்கு அத்தாட்சி கொடு. இடையில் ஊருக்குப் போய்த் தாய்க்குக் கொள்ளி வைத்திருந்தால் அதையும் தோண்டுவான். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த விண்ணப்பங்களுக்குள் இருந்தார்கள். ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ 1,34,000 பேரை. மற்றச் சட்டம், பிரஜை அல்லாதவன் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டியது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பெயரை வெட்டினார்கள், தொகுதியை வெட்டவில்லை! 1952 தேர்தலிலும் தலவாக்கலை இருந்தது. நம் தலைகளுக்காக வந்த ஆசனம் அப்படியே இருந்தது. மிச்சமிருந்த சொற்ப வாக்கில் ஒருவர் பாராளுமன்றம் போனார். காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. தலையை எண்ணினான், வாக்கை எண்ணவில்லை! கொழுந்தை நிறுத்து எடுத்துக்கொண்டு பேரை வேறொருவனுக்குப் போட்ட கணக்கு இது.

அந்த வருடம் என் அப்பாயி தகரப்பெட்டியைத் திறந்து அரிசிக் கூப்பன் புத்தகம், துண்டு, கல்யாண போட்டோ எல்லாவற்றையும் ஒரு சீலைத்துணியில் முடிந்துகொண்டு ஒரு கந்தோருக்குப் போனார். "இதெல்லாம் செல்லாது, போ" என்றார்களாம். முடிச்சை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளவத்தைப் பக்கம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். இதையெல்லாம் பேசினால், "தம்பி, அது வேற பிரச்சினை, உங்கட ஆக்கள் கூலிக்கு வந்தவைதானே" என்பார்கள். ஐயா, காலி வீதியில் நீங்கள் குடிக்கிற தேநீரும் கூலிக்கு வந்ததுதான், அதைத் துப்புகிறீர்களா?

அவர்களுடைய தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் கதையைக் கேளுங்கள். 1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். செப்டம்பரில் அமைச்சரானார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் மசோதாவுக்குக் கையைத் தூக்கினார். என்ன அமைச்சு? கைத்தொழிலும் மீன்பிடியும்! பேலியகொடை மீன் சந்தைக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறேன், அந்த மீன் கிலோ என்ன விலை போயிற்று? செல்வநாயகம் பொன்னம்பலத்தின் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு என் வணக்கம்.

களனியைப் பற்றி இன்னொன்று. 1956இல் ஆர். ஜீ. சேனாநாயக்க களனியிலும் நின்றார், தம்பதெனியவிலும் நின்றார். ஜே. ஆரைத் தோற்கடித்தார், இரண்டிலும் வென்றார். ஒரே ஆளுக்கு இரண்டு தொகுதி! அதே தேர்தலில் தலவாக்கலையில் ஒரு மலை முழுக்க ஆளுக்குப் பாதி வாக்குக்கூட இல்லை. அதைப் பார்த்து எவனும் நிர்வாகத்துக்கு வசதியில்லை என்று சொல்லவில்லையே!

பிறகுதான் 1959 எல்லை நிர்ணயம். நாட்டில் ஆசனங்களைக் கூட்டினார்கள். 95ஆக இருந்தது 151 ஆனது. எல்லா ஊருக்கும் புதிது புதிதாகத் தொகுதி முளைக்கிறது. 1960 மார்ச் தேர்தலில் பார்த்தால் தலவாக்கலை இல்லை, கொட்டகலை இல்லை. கூட்டுகிற நேரத்தில் குறைந்த கணக்கு இது. இதற்குத்தான் கையேட்டுக்காரர் "வசதி" என்று பெயர் வைத்திருக்கிறார்.

எண்ணுவதை நிறுத்தினார்களா? இல்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து எண்ணினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஓரமாக வைத்தார்கள், விலை படியாத கோவா மூட்டை மாதிரி! 1974இல் இந்திரா காந்தியோடு பேசி அதை இரண்டாகப் பிளந்தார்கள். ஆளுக்கு எவ்வளவு? 75,000! ஒரு ஆசனத்துக்கு இத்தனை தலை என்று அன்றைக்கு வைத்த அதே 75,000! நம்மை வைத்து ஆசனம் எடுத்தபோதும் அந்த எண், நம்மைப் பங்கு போட்டபோதும் அந்த எண். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

மலையகத்திலிருந்து தொண்டமான் மறுபடி வாக்கால் தெரிவாக 1977 வரவேண்டியிருந்தது. நுவரெலியா-மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி, அதிலும் மூன்றாவதாக. முப்பது வருடம்! நாடற்றவர் என்ற பெயரைத் துடைக்க 2003இலும் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அப்பாயி அதற்கு முன்பே போய்விட்டார். அவர் வாழ்நாளில் போட்டது ஒரே ஒரு வாக்கு.

ஒவ்வொரு இரவும் நுவரெலியா கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாக இங்கே வந்து இறங்குகிறது. ஒரு கிலோ குறைந்தால் முதலாளி விடுவாரா? நாம் மட்டும் ஏன் விடவேண்டும்?

இரண்டு வேலை இருக்கிறது. பேலியகொடையில் வருடக்கணக்காக இருந்துகொண்டு, பெயர் தோட்டத்து இடாப்பிலும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் கிடக்கிற பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். நாளைக்கே கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதியுங்கள். அடுத்தது, கையேட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். "நிர்வாக வசதிக்காக" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு, அங்கே வாழ்ந்தவர்களின் வாக்கைப் பறித்த பிறகு தொகுதியையும் நீக்கினார்கள் என்று அச்சடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முழுப்பெயரையும் எழுதுங்கள். பேனை இல்லாதவர்கள் என்னிடம் வாருங்கள், சட்டைப்பையில் இரண்டு இருக்கிறது.