பிரிண்ட்ல வராத நாலு பேர்

இன்னைக்கு எக்செல்ல இருக்கிற 'பிரிண்ட் ஏரியா' பத்திப் பேசலாம். இதுக்கு ஒரு எபிசோடான்னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் முதல் வேலையில ஒரு தீபாவளி வர்ற வரைக்கும்.

அந்த ஆபீஸ்ல தீபாவளி போனஸை கவர்ல போட்டு, பேர் கூப்பிட்டுக் கொடுப்பாங்க. பட்டியல் தயார் பண்றது என் வேலை. போன வருஷ ஃபைலை காப்பி எடுத்தேன், தொகைகளை மாத்தினேன், புதுசா சேர்ந்த நாலு பேரைக் கடைசியில சேர்த்தேன். பிரிண்ட் கொடுத்தேன். ஒரே பக்கத்துல அழகா வந்தது. அதை வச்சுத்தான் கவர் போட்டாங்க.

கொடுத்து முடிச்சதும், ஹவுஸ்கீப்பிங்ல இருந்த ஒரு அக்கா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, புதுசா வந்தவங்களுக்கு இந்த வருஷம் கிடையாதாப்பா?"ன்னு கேட்டாங்க. கோபமே இல்ல. கிடையாதுன்னு யாரோ முடிவு பண்ணிட்டாங்கன்னு அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

ஓடிப்போய் ஃபைலைத் திறந்தா, நாலு பேரும் இருக்காங்க. பேப்பர்ல இல்ல. இதுல கொடுமை என்னன்னா, பேப்பரோட தலைப்புலயே "மொத்தம் 46 பேர்"னு இருக்கு. கீழே எண்ணினா 42 பேர். ஃபார்முலா சரியா எண்ணியிருக்கு. நாங்க யாரும் எண்ணல.

என்ன நடந்ததுன்னா, அந்த ஷீட்ல 'ஜி' காலத்துல இருந்து பேங்க் கணக்கு எண், சொந்தக் குறிப்புகள் எல்லாம் இருந்தது. அது பேப்பர்ல வரக்கூடாதுன்னு, போன வருஷம் யாரோ 'ஏ1'ல இருந்து 'எஃப்45' வரைக்கும் செலக்ட் பண்ணி, பேஜ் லேஅவுட்ல போய் செட் பிரிண்ட் ஏரியா கொடுத்திருக்காங்க. நல்ல எண்ணம்தான். ஆனா வலது பக்கம் போட்ட அதே வேலி, கீழேயும் விழுந்துடுச்சு. பிரிண்ட் ஏரியா ஃபைலோடயே சேவ் ஆகும், காப்பி எடுத்தா கூடவே வரும். நடுவுல ஒரு வரியை இன்ஸர்ட் பண்ணா அதுவும் சேர்ந்து விரியும். கடைசி வரிக்குக் கீழே டைப் பண்ணா விரியாது. நான் 46-வது வரியில இருந்து டைப் பண்ணியிருந்தேன். எக்செல் ஒரு எச்சரிக்கையும் காட்டல.

இதைச் சரிபண்றது ரொம்ப சுலபம். செல்களை செலக்ட் பண்ணாம, மேல இருக்கிற ஏ முதல் எஃப் வரைக்குமான எழுத்துகளைப் பிடிச்சு முழு காலங்களையும் செலக்ட் பண்ணுங்க. அப்புறம் செட் பிரிண்ட் ஏரியா. இப்ப பக்கவாட்டுல வேலி இருக்கும், கீழே இருக்காது. டேட்டா எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம் பிரிண்ட் ஆகும். வேலியே தேவையில்லன்னா, அதே இடத்துல கிளியர் பிரிண்ட் ஏரியா இருக்கு.

அப்படி மாத்தினதும் எனக்கு ரெண்டாவது பக்கம் ஒண்ணு வந்தது. அதுல தலைப்பு வரி இல்ல. எது பேர், எது தொகைன்னு தெரியணும் இல்லையா? அதுக்கு பிரிண்ட் டைட்டில்ஸ்ல போய், எந்த வரி ஒவ்வொரு பக்கத்துலயும் மேல வரணும்னு சொல்லிட்டா போதும்.

அடுத்தவங்க செஞ்ச ஃபைல் கைக்கு வந்தா, முதல்ல வியூ மெனுவுல பேஜ் பிரேக் ப்ரிவியூ பாருங்க. பிரிண்ட் ஆகிற இடம் வெள்ளையா இருக்கும், ஆகாத இடம் சாம்பல் நிறத்துல இருக்கும். அந்த சாம்பல்ல ஏதாவது பேர் இருக்கான்னு பார்த்துடுங்க.

இன்னொரு விஷயம். பிரிண்ட் ஏரியா ரகசியத்தைக் காப்பாத்தாது. பிடிஎஃப்பா மாத்தி அனுப்பினா வேலிக்கு உள்ளே இருக்கிறது மட்டும் போகும். எக்செல் ஃபைலாவே அனுப்பினா எல்லாரோட பேங்க் கணக்கு எண்ணும் சேர்ந்துதான் போகும்.

அன்னைக்கு சாயங்காலமே நாலு கவரும் ரெடி ஆயிடுச்சு. அந்த அக்காகிட்ட கொடுத்தப்போ, "நீ பேசி வாங்கிக் கொடுத்தியா தம்பி?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டியிருந்தா நல்ல பேர் கிடைச்சிருக்கும். "இல்லக்கா, உங்க பேரை விட்டதே நான்தான்"னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. மத்த மூணு பேர் கேட்கவே இல்ல. அந்த அக்காவும் கேட்காம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.

ஒரு பேர் திரையில இல்லன்னா தப்புன்னு நினைப்போம். பேப்பர்ல இல்லன்னா, அதை யாரோ எடுத்த முடிவுன்னு நினைச்சுப்போம். அதனால கண்ட்ரோல் பி அழுத்தினதும், ப்ரிவியூல கடைசிப் பக்கத்துக்குப் போய், கடைசிப் பேர் யாருன்னு பாருங்க. ஷீட்லயும் அதே பேர்தான் கடைசியான்னு பாருங்க. பத்து செகண்ட் வேலை.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.