புயல் ஒரு நாள், தண்ணீர்ப் பாடு ஐந்து நாள்

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புயலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். வர்தா புயலின்போது நாங்களும் இதே மாதிரி அடுக்குமாடியில்தான் இருந்தோம். அதனால் காற்றைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. அன்று திருக்கார்த்திகை. ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், 78 வயது மாமியார். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பிற்பகலில் புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. பிள்ளைகளை ஜன்னல் இல்லாத நடையில் உட்கார வைத்தோம். வாசலில் வைக்கக் கழுவி வைத்திருந்த அகல்களில் இரண்டைச் சாமி அலமாரியில் ஏற்றினார் அத்தை. அன்றிரவு வீட்டில் வெளிச்சம் அதுதான்.

மறுநாள் பார்த்தால் தெருவெல்லாம் மரம். பக்கத்தில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன.

எங்கள் உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டாம் நாள் மாலை மேல்தொட்டி காலி. கீழே சம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஏற்ற மோட்டார் ஓடாது. லிஃப்டும் இல்லை. குடம் குடமாக மூன்று மாடி தூக்கினோம். பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை நோட்டு இல்லை, கடையில் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் மெழுகுவத்தியும் கொடுத்தார்.

நாங்கள் தண்ணீர் தூக்குவதைப் பார்த்த அத்தை, பாத்ரூம் போக வேண்டிவருமே என்று குடிப்பதையே குறைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் தலைசுற்றி விழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே இறக்கினார்கள். டாக்டரிடம் காட்டிவிட்டு, ஐந்தாம் நாள் ஒரகடம் வழியாக வாலாஜாபாத்தில் அவருடைய அக்கா வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பழைய நெசவாளர் வீடு. ஈரத்தில் பாவு கெட்டுவிடும் என்று தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் பின்கட்டில் கிணறு இருந்தது. அத்தை முதலில் கேட்டது ஒரு சொம்புத் தண்ணீர்.

இன்று நாமும் மாடி வீட்டில்தான் இருக்கிறோம். கரண்ட் போனால் நமக்கும் தண்ணீர் போகும். அதனால் சில வேண்டுகோள்கள்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்புவோம். வீட்டில் இருக்கும் குடம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். ஜெனரேட்டரில் இருக்கும் டீசல் முதலில் மோட்டாருக்கு, பிறகுதான் லிஃப்டுக்கு என்று இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்வோம். கொஞ்சம் சில்லறை நோட்டும் ஒரு வாரத்து மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

காற்று சட்டென்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாமல் மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கடைசியாக ஒன்று. மாடியில் இருக்கும் வயதானவர்கள், கர்ப்பிணிகள் பட்டியல் ஒன்று வேண்டும். ஒவ்வொருவருக்கும் தரைத்தளத்தில் ஒரு வீடு, தினமும் போய்ப் பார்க்க ஒரு ஆள். போகிறவர் "ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் அவர்கள் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். "காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடிச்சீங்க?" என்று கேளுங்கள்.

தரைத்தளத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. முதல் பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.