உழவு இயந்திரமும் உத்தரவாதமும்


விதைப்புக் காலம். உழவு இயந்திரத்துக்குப் புதிதாகப் பூட்டிய கிளச்சுத் தட்டு ஒரு மாதத்திற்குள் எரிந்துவிடுகிறது. கராச்சுக்காரர், “சாமான் பிழை, கடையில் போய்க் கேளும்” என்கிறார். கடைக்காரரோ, “பூட்டியவர் பிழை” என்கிறார். வயலில் ஈரம் காய்கிறது.

சட்டம் இங்கே ஊமையன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, சேவை வழங்குபவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வார் என்பதும், அவ்வேலைக்கு அவர் வழங்கும் பொருள் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாயிருக்கும் என்பதும் எழுதாமலே அமைந்த உத்தரவாதங்களாகும். எனவே, சாமானையும் தானே தந்து பூட்டிய கராச்சுக்காரர் கடையைக் காட்டித் தப்ப இயலாது. நாமே வாங்கிக் கொடுத்திருந்தாலோ பொறுப்பு இரண்டாகப் பிரியும். மலிவென்று எண்ணி நாமே தேடிக்கொள்ளும் வில்லங்கம் இது!

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எரிந்த தட்டை எறிந்துவிடாதீர்கள்; அதுவே உங்கள் சாட்சி. உத்தரவாதச் சீட்டில் ஆறு மாதம் என்றிருப்பதைக் கண்டு ஆறியிருக்கவும் வேண்டாம். அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடுவதற்கு, வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளிலிருந்து மூன்று மாதமே தவணை. அறுவடை முடியட்டும் என்று சீட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்து, பின்னர் என்னிடம் வந்தோர் பலர். குடியியல் வழக்கொன்றே அவர்களுக்கு நான் காட்டக்கூடிய வழியாக இருந்தது. அதன் செலவோ தட்டின் விலையிலும் அதிகம்.